விழாப் பச்சை

திறப்பு விழா காணாமல் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். தண்ணீர்த் தொட்டி, நிழற்குடை, சமுதாயக் கூடம், வாசலில் எருக்கு முளைத்த நூலகம் என்று எல்லா ஊரிலும் ஒன்றாவது இருக்கும். ஆனால் திறப்பு விழா காணாமல் பூட்டிக் கிடந்த இணையப் பக்கம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அது நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குச் சொந்தம். பூட்டுவதற்கு முன்னால் ஒன்றரை வருடம் அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நன்றாக ஓடியதால்தான் பூட்ட நேர்ந்தது.

அதைச் செய்தவன் லாரன்ஸ். கல்வராயன் மலை அடிவாரத்தில், பேருந்து திரும்புகிற இடத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். அவன் அக்கா ஆனந்தமேரி மலைமேல் நெல்லிப்பாடியில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. அந்தப் பள்ளிக்கு ஆசிரியை அவள் ஒருத்திதான். தலைமையாசிரியையும் அவள்தான், பூட்டுச் சாவியும் அவள் கைப்பையில்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தம்பிக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்தவள். கலியாணப் பேச்சோடு வந்தவர்களை எல்லாம் “பாக்கலாம்” என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்ததில் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. லாரன்ஸுக்கு உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

நெல்லிப்பாடிக்குப் போகும் வழியில் ஓர் ஓடை குறுக்கே போகிறது. பாலம் இல்லை. ஓடையின் அடியிலேயே சிமெண்டு போட்டு வைத்திருக்கிறார்கள், அதற்குத் தரைப்பாலம் என்று பெயர். கோடையில் ஆட்டுக்குட்டி கால் நனையாமல் தாண்டும். மழைக்காலத்தில் அந்த இடத்தை நம்பவே முடியாது. மேலே கரியாலூர்ப் பக்கம் மழை கொட்டினால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே செம்மண் வெள்ளம் ஆள் உயரத்துக்கு வரும். கரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குக் கணுக்கால் தண்ணீர்தான் தெரியும். நம்பி இறங்கி நடு ஓடைக்குப் போன பிறகு வெள்ளம் வந்து சேரும். அப்படி ஒரு நாள் ஆனந்தமேரி நடுவில் மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரை ஓடைக்குக் கொடுத்துவிட்டு உயிரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வந்ததும் லாரன்ஸ் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். அதே ஓடைக்கரையில் இரண்டு கிலோமீட்டர் மேலே பாப்பாத்தி என்பவர் டீக்கடை வைத்திருக்கிறார். அவர் கடை வாசலில் வெள்ளம் போனால், தரைப்பாலத்துக்கு வர அரை மணி நேரம் ஆகும். அவர் தன் போனில் சிவப்பை அழுத்தினால் பக்கத்தில் சிவப்பு, பச்சையை அழுத்தினால் பச்சை. இவ்வளவுதான் ஏற்பாடு. மாலைக்குள் முடிந்துவிட்டது.

ஆனந்தமேரி போனை வாங்கிப் பார்த்தாள். வெள்ளைப் பக்கம். மேலே ‘நெல்லிப்பாடி ஓடை’ என்று இருந்தது. அதன் கீழே பச்சையில் ‘போகலாம்’.

“இன்னாடா, இவ்ளோதானா?”

“இவ்ளோதாங்க்கா. நமக்குத் தெரிய வேண்டியது இந்த ஒண்ணுதான?”

“தண்ணி வந்தா?”

சிவப்பாக்கிக் காட்டினான். ‘போகாதே’ என்று வந்தது.

“ஓடைக்கு வர்றவங்க இன்னா ஒண்ணாங்கிளாஸ் பசங்களா? ‘போகாதீங்க’ன்னு மாத்துடா. மரியாதையா சொன்னாத்தான் மனுசன் கேப்பான்.”

மாற்றினான். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. ஜீப் ஓட்டுகிற ராஜாங்கம், மரவள்ளி ஏற்ற வருகிற லாரிக்காரர்கள், மலையில் பெண் கொடுத்தவர்கள், சாவுக்குப் போகிறவர்கள் என எல்லோரும் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். தரைப்பாலத்தின் இரண்டு பக்கமும் சிக்னல் கிடையாது. நெல்லிப்பாடிப் பக்கம் ஒரு பாறை உண்டு, அதன்மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு சிக்னல் வரும். ஆனந்தமேரி தினமும் சாயங்காலம் அந்தப் பாறையில் ஏறி, பச்சையைப் பார்த்துவிட்டு இறங்கி, புது ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தாள். ஒன்றரை வருடம் ஓடை யாரையும் தொடவில்லை.

ஒரு செய்தித்தாளில் நான்கு வரி வந்தது. அந்த நான்கு வரிதான் வினையாகப் போயிற்று.

கள்ளக்குறிச்சியில் ‘மாவட்ட எளிமைப்படுத்தல் பிரிவு’ என்று ஓர் அலுவலகம் இருந்தது. மக்களுக்கான சேவைகளை எளிமையாக்குவது அதன் வேலை. மூன்றாவது மாடியில் இருந்தது. படியேறித்தான் போக வேண்டும், ஏனென்றால் லிப்ட் இன்னும் திறந்து வைக்கப்படவில்லை. அதன் அலுவலர் சிவசங்கர். கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எதையாவது வாங்கிக்கொண்டு லாரன்ஸை விட்டிருப்பார், நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்காது. செய்தியைப் படித்து லாரன்ஸை வரவழைத்த அவர், அவனை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, தன் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

“நல்லா இருக்குங்க தம்பி. இத யாரு தொறந்து வெச்சாங்க?”

லாரன்ஸுக்குப் புரியவில்லை. “யாரும் தொறக்கலீங்க சார். ஒரு ஞாயித்துக்கெழம ஏத்துனன். ஓடிக்கினு இருக்குது.”

“தொறக்காமயே ஓடிக்கினு இருக்குதா?”

சிவசங்கர் கண்காணிப்பாளர் மணிமொழி அம்மாளைப் பார்த்தார். மணிமொழி அம்மாள் முப்பது வருட சர்வீஸ். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

“இதுக்கு முன்னுதாரணமே இல்ல சார்.”

“பதறாதீங்கம்மா. பையன் தெரியாம பண்ணிட்டான்.” சிவசங்கர் லாரன்ஸ் பக்கம் திரும்பினார். “தம்பி, ஒரு ரோடு போடறோம். விழாவுக்கு முன்னாடி அதுல வண்டி போய்டக் கூடாது. அதுக்கு இன்னா பண்ணுவோம்?”

“குறுக்க முள்ளு வெட்டிப் போடுவாங்க சார்.”

“கரெக்ட். இதுக்கும் முள்ளு போடணும். அப்பறம் அமைச்சர் ஐயா வந்து எடுப்பாரு. தொறந்து கெடக்கற ஒண்ண எப்பிடிங்க தொறந்து வெக்கறது? நீங்களே சொல்லுங்க.”

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. எத்தனை நாள் சார் என்று மட்டும் லாரன்ஸ் கேட்டான். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் என்றார் சிவசங்கர். திறந்துவிட்டால் மலையில் இருக்கிற எல்லா ஓடைக்கும் இப்படி ஒரு பக்கம் வரும் என்றார். அது லாரன்ஸுக்குப் பிடித்திருந்தது. வெள்ள எச்சரிக்கையைத் தனியாள் கொடுப்பதற்கு எதிராக ஒரு சட்டம் இருப்பதாகவும், அதை எடுக்கத் தனக்கு மனமில்லை என்றும் சிவசங்கர் சொன்னார். அது பிடிக்கவில்லை. பக்கத்தை அலுவலகத்திடம் ஒப்படைப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

மறுநாளே பக்கத்தில் முள் விழுந்தது. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. இரண்டு கைகள் கூப்பியபடி ஒரு படம். ‘இத்தளம் விரைவில் திறந்து வைக்கப்படும்.’ அரசாங்கத் தகவல் சொந்த போனில் போகக் கூடாது என்று பாப்பாத்தியிடம் ஒரு டேப்லட்டைக் கொடுத்து, அவருடைய போனை வாங்கிப் போய் அலுவலக பீரோவில் பத்திரமாக வைத்தார்கள். பாப்பாத்தி டேப்லட்டை டீ டம்ளர் அடுக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்து, வழக்கம்போலப் பச்சையும் சிவப்பும் அழுத்திக்கொண்டிருந்தார். அழுத்தியதெல்லாம் முள்ளுக்கு உள்ளேயே கிடந்தது.

இப்போது ஒரு சிக்கல் எழுந்தது. அடிக்கல் நாட்டாத எதையும் அந்த மாவட்டத்தில் திறந்து வைத்ததில்லை என்று மணிமொழி அம்மாள் சுட்டிக்காட்டினார். ஆகவே இணையப் பக்கத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அலுவலகத் தோட்டத்தில், செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் குழி தோண்டினார்கள். கறுப்புக் கிரானைட்டில் பக்கத்தின் முகவரியைப் பொறித்திருந்தார்கள். மஞ்சள், குங்குமம், தேங்காய், சிமெண்டுக் கலவை எல்லாம் தயாராக இருந்தது. லாரன்ஸ் கையில் ஒரு கொத்துக்கரண்டியைக் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள்.

“சார், அதான் ஏற்கெனவே கட்டி முடிச்சாச்சே?” என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

“அதனாலதான் தம்பி சின்னக் கல்லா போட்டோம்” என்றார் சிவசங்கர்.

அடுத்த கூட்டத்தில் பக்கத்தைப் பெரிய திரையில் போட்டு ஆராய்ந்தார்கள். ஓர் அதிகாரி, “பக்கம் பூரா காலியா கெடக்குதே, இவ்ளோ எடத்த வீணடிக்கலாமா?” என்று வருத்தப்பட்டார். ஐந்து பேர் படம் வைப்பது என்று முடிவாயிற்று. யார் படம் பெரிது, யார் படம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் இரண்டு கூட்டம் போயின. இன்னொருவர், ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது மற்றக் கேள்விகளை அவமதிப்பதாகும் என்றார். ஆகவே அருவிகளின் அழகு, மலைத்தேன், சாமைப் பாயசம் செய்முறை, பிரிவின் சாதனைகள் ஆகியவை சேர்ந்தன. ஓடையில் தண்ணீர் வருகிறதா என்ற சங்கதி எல்லாவற்றுக்கும் கீழே போயிற்று. லாரன்ஸ் எழுந்து, அதை மட்டும் மேலே வைக்க முடியுமா என்று கேட்டான். ஐயாவின் தலைக்கு மேலே தண்ணீரை எப்படி வைப்பது என்று திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் ஐயா படத்துக்குப் பக்கத்திலேயே, அவர் கை காட்டுகிற மாதிரி வைக்கலாம் என்று பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்கள்.

பத்து நாள் இப்படிப் போயிற்று. பிறகு ஆடி வந்தது. ஆடியில் திறக்க மாட்டார்கள். ஆவணியில் ஐயாவுக்கு அடுத்தடுத்துக் கலியாண வீடுகள். புரட்டாசியில் ஐயா பாதயாத்திரை. ஒவ்வொரு தேதிக்கும் அழைப்பிதழ் அச்சாகி வந்தது. அடிவாரத்து டீக்கடைகளில் அந்த அழைப்பிதழில்தான் வடை மடித்துக் கொடுத்தார்கள்.

ஐப்பசி பிறந்து மழை தொடங்கியது. ஆனந்தமேரி பள்ளியைப் பூட்டிவிட்டு வந்து பாறைமேல் உட்காருவாள். பக்கத்தைத் திறந்தால் கூப்பிய கைகள். பாப்பாத்திக்கு போன் போட்டால் பீரோவுக்குள் மணி அடித்து, சார்ஜ் தீர்ந்து, இப்போது அதுவும் இல்லை. ஆகவே அவள் தானாக ஒரு முறை வகுத்துக்கொண்டாள். மலையில் கருமேகம் கட்டியிருந்தால் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ ஒரு மணி நேரம் பாறையிலேயே இருப்பது, வெள்ளம் வராவிட்டால் தாண்டுவது. நனைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கு வர இருட்டிவிடும்.

“உன் பக்கத்துக்கு இன்னும் முகூர்த்தம் கெடைக்கலியாடா?” என்று ஈரப் புடவையைப் பிழிந்தபடி கேட்பாள். “என் கலியாணத்தவிட லேட்டாவுதே.”

“சிரிக்காதக்கா. எனக்கு பத்திக்கினு வருது.”

“அட வுட்றா. அப்பிடியேவா வுட்டுடுவாங்க? தொறப்பாங்க.” பிறகு துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொல்வாள்: “ஆனா ஒண்ணு. அந்த பச்சையப் பாத்துட்டு எறங்கும்போது நீயே எதிர்க்கரைல நிக்கற மாதிரி இருக்கும். இப்ப பயமா கீதுடா.”

அக்கா பயமாக இருக்கிறது என்று சொல்லி லாரன்ஸ் கேட்டதே இல்லை. மறுநாள் காலை கடையைத் திறக்காமல் மூன்று மாடி ஏறினான்.

“சார், விழா எப்ப வேணா வெச்சுக்குங்க. மழ முடியற வரைக்கும் தற்காலிகமா தொறந்து வுடுங்க சார். எங்க அக்கா தெனம் அந்த ஓடையத் தாண்டுது.”

சிவசங்கருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. “எனக்கும் அக்கா இருக்காங்க தம்பி. ஆனா தற்காலிகமா தொறக்கணும்னா, தற்காலிகத் தொறப்பு விழான்னு ஒண்ணு நடத்தணும். அதுக்கு ஐயா தேதி குடுக்கணும். அந்தத் தேதிய வாங்கிட்டா நெஜ விழாவையே நடத்திப்புடலாமே!”

லாரன்ஸ் தொழுவதுபோல் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தான்.

எப்படியோ ஐப்பசிக் கடைசியில் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தேதி உறுதியாயிற்று. முதல் நாள் மாலை அலுவலகத்தில் ஓர் அவசரக் கூட்டம் நடந்தது. லாரன்ஸை அதற்கு அழைக்கவில்லை. மணிமொழி அம்மாளுக்கு மத்தியானம் தூங்கும்போது ஒரு யோசனை தோன்றியிருந்தது.

“ஐயா பட்டன அழுத்தறாரு. ஊரே திரையப் பாக்குது. மொத வார்த்தையா ‘போகாதீங்க’ன்னு வந்தா இன்னா சார் பண்றது? சுப காரியத்துல அப்பிடி ஒரு சொல்லு வரலாமா? ஐயாவப் பாத்து சொல்ற மாதிரி வேற இருக்கும். அடுத்த வருஷம் தேர்தல்.”

எவ்வளவு பெரிய விபத்திலிருந்து தப்பித்திருக்கிறோம் என்று எல்லோருக்கும் உறைத்தது. விழா நாள் முழுவதும், பாப்பாத்தி எதை அழுத்தினாலும், பக்கத்தில் பச்சை மட்டுமே தெரிய வேண்டும் என்று முடிவாயிற்று. கம்ப்யூட்டர் பார்க்கும் ஒப்பந்த நிறுவனத்தார் ஐந்து நிமிடத்தில் அதைச் செய்து கொடுத்தார்கள். அந்தப் பக்கத்துக்காக அந்த அலுவலகம் ஐந்து மாதத்தில் சீக்கிரமாக முடித்த வேலை அது ஒன்றுதான்.

புதன்கிழமை காலை ஆனந்தமேரி தம்பியின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

“நீயும் வாக்கா. ஒரு நாள் லீவு போடேன்.”

“நான் வந்தா இஸ்கூல யாரு தொறக்கறது? நீ மேடைல நிக்கறத போட்டோ எட்த்துக்கினு வா, பசங்களுக்குக் காட்றன்.” படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். “தலைய வாரிக்கோடா.”

பத்து மணி விழாவுக்கு ஐயா நான்கு மணிக்கு வந்தார். கலியாண மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் ஒரு மேசை. மேசைமேல் லேப்டாப். லேப்டாப்பைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். தாம்பாளத்தில் கத்தரிக்கோல். ஐயா ரிப்பனை வெட்டி, லேப்டாப்பைத் திறந்து, பட்டனை அழுத்தினார். பின்னாலிருந்த பெரிய திரையில் கூப்பிய கைகள் மறைந்தன. ஐந்து படங்கள் வந்தன. ஐயா கை காட்டுகிற இடத்தில் பச்சை மலர்ந்தது. ‘போகலாம்.’ மேலிருந்து பூ கொட்டியது. ஐயா பேச ஆரம்பித்தார்.

“நெல்லிப்பாடி மக்கள் இருபது வருஷமா பாலம் கேட்டாங்க. நான் யோசன பண்ணேன். பாலம் கட்டினா அது ஒரே எடத்துலதான் நிக்கும். கட்ட மூணு வருஷம், இடிய ஒரு மழ. இன்னிக்கு நான் குடுக்கற பாலம் உங்க சட்டப் பையில இருக்குது! இதுக்கு மணல் வேணாம், சிமெண்ட் வேணாம், காண்ட்ராக்டர் வேணாம்...” முன்வரிசையில் கைதட்டல் சட்டென்று நின்றது. ஐயா கவனித்துவிட்டார். “காண்ட்ராக்டர் மட்டும் வேணும்!” மறுபடியும் கைதட்டல். “இனிமே இந்த மலையில ஒரு உசுரு தண்ணியில போனா, என்னக் கேளுங்க!”

லாரன்ஸ் மேடையின் ஓரத்தில், சால்வை போர்த்தி நிறுத்தப்பட்டிருந்தான். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பாப்பாத்தி எதை அழுத்தினாலும் தன் போனுக்கும் ஒரு செய்தி வரும்படி அவன் ஆரம்பத்திலேயே எழுதி வைத்திருந்தான். முள் போட்டிருந்த வரை அதுவும் உள்ளேயே அடைபட்டுக் கிடந்து, பக்கம் திறந்ததும் விழித்துக்கொண்டது. அலுவலகத்தார் மற்ற எல்லாவற்றையும் மாற்றினார்கள், அதை மட்டும் கவனிக்கவில்லை. எடுத்துப் பார்த்தான். சிவப்பு. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சிவப்பு, மறுபடியும் சிவப்பு. பாப்பாத்தி விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். லாரன்ஸ் திரும்பித் திரையைப் பார்த்தான். பச்சை.

சிவசங்கரின் முழங்கையைப் பிடித்தான். “சார், மேல வெள்ளம் போவுது. பக்கம் பச்ச காட்டுது. எதோ தப்பாய்ட்சு சார்.”

“தப்பு ஒண்ணும் இல்ல தம்பி” என்று சிவசங்கர் சிரித்த முகம் மாறாமல் காதோடு சொன்னார். கேமரா அவர்கள் பக்கம் இருந்தது. “அது விழாப் பச்ச. இன்னிக்கு மட்டும்தான். நாளைக்கு காலைலேர்ந்து நெஜப் பச்ச வரும்.”

“சார், ஊரே பாக்கும் சார். மாத்தச் சொல்லுங்க.”

“ஐயா பேசி முடிச்சிடட்டும்.”

அப்போது போனில் இன்னொன்று வந்தது. அக்காவின் குரல் செய்தி. காதில் வைத்தான்.

“டேய் லாரன்சு, தொறந்துட்டாங்கடா! பாற மேலதான் நிக்கறன். பச்ச காட்டுது. எவனெவன் மூஞ்சியோ நடுவுல கீது, ஆனா பச்ச நம்ம பச்சதான். இங்க மேல கறுப்பா கட்டிக்கினு இருக்குது, ஒரு மணி நேரம் குந்தணுமேன்னு பாத்தன். இனிமே அந்த தொல்ல இல்ல சாமி. கெளம்பிட்டன். நீ வர்றதுக்குள்ள குழம்பு வெச்சிட்றன். பசியோட இருப்ப.”

அவன் மேடையிலிருந்து குதித்தான். ஓடிக்கொண்டே அழைத்தான். வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது. மறுபடியும் அழைத்தான். மறுபடியும் அதே பொறுமை. ராஜாங்கத்தை அழைத்தான். ராஜாங்கம் திறப்பு விழாவுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வந்து மண்டபத்து வாசலிலேயே ஜீப்போடு நின்றிருந்தார். கள்ளக்குறிச்சியிலிருந்து அடிவாரம் வரை ராஜாங்கம் பிரேக்கில் கால் வைக்கவில்லை. லாரன்ஸ் பக்கத்து இருக்கையில் சால்வையோடு உட்கார்ந்து, சிக்னல் அறுந்துபோகும் வரை அழைத்துக்கொண்டே இருந்தான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தரைப்பாலம் இருந்த இடத்தில் செம்மண் தண்ணீர் மரம் மட்டையோடு இரைந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையில் பாறை தெரிந்தது. பாறைமேல் யாரும் இல்லை. லாரன்ஸ் இறங்கப் போனான். ராஜாங்கம் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். விடிய விடிய அவர் அந்தப் பிடியை விடவில்லை.

ஆனந்தமேரி மறுநாள் கீழே புங்கமரத்து வேரில் கிடைத்தாள். கைப்பை தோளிலேயே மாட்டியிருந்தது. அதற்குள்ளிருந்த சாவியை எடுத்துப் போய்த்தான் நெல்லிப்பாடிப் பள்ளியைத் திறந்தார்கள், அவளை ஒரு மணி நேரம் பிள்ளைகள் பார்ப்பதற்காக. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வழக்கம்போல எழுந்து நின்று வணக்கம் டீச்சர் என்றார்கள். லாரன்ஸ் அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை.

விசாரணை நடந்தது. நான் கூட்டிச் சொல்கிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக அதன் முடிவைச் சொற்பிசகாமல் தருகிறேன். ‘சம்பவ நாளன்று தளம் சீராக இயங்கியது. அதில் தோன்றிய பச்சை நிறம் விழா நிமித்தம் வழங்கப்பட்டதாகும். விழாவில் கலந்துகொள்ளாத ஒருவர் அதனைத் தகவலாகக் கருதுவார் என்பது எதிர்பார்க்க இயலாதது.’ ஐயா தன்னைக் கேட்கச் சொல்லியிருந்தார். அவர் வீட்டு வாசலில் பாதுகாப்புக்கு ஆள் போட்டிருந்ததால் யாரும் போய்க் கேட்கவில்லை.

காரியம் முடிந்த வாரத்தில் சிவசங்கர் கடைக்கு வந்தார். தனியாக வந்தார், பேருந்தில் வந்தார். லாரன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நடிப்பு இல்லை.

“எனக்குத் தூக்கம் இல்ல தம்பி. அவங்களையும் விழாவுக்கு அழைச்சிருந்தா இப்பிடி ஆயிருக்காதே.”

“அழச்சன் சார். இஸ்கூலு இருந்துச்சு.”

சிவசங்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவங்க நெனவா ஒண்ணு பண்ணலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். தளத்துக்கு அவங்க பேரு வெக்கறோம். ‘ஆனந்தமேரி ஓடைத் தகவல் தளம்’. படமும் வரும். ஐயா படத்துக்கு அடுத்த சைஸு. ஐயாவே ஒத்துக்கிட்டாரு.” கொஞ்சம் தயங்கினார். “பேரு மாறினா புதுத் தளம்னுதான் கணக்கு. மறுபடி தொறந்து வெக்கணும். அதனால நேத்து மூடிட்டோம். மார்கழி போவட்டும். தையில ஒரு நல்ல நாளாப் பாத்து...”

லாரன்ஸ் கையை உருவிக்கொண்டான். “நீங்க போங்க சார்” என்றான். அவ்வளவு மெதுவாகச் சொன்னதால் சிவசங்கருக்கு அது காதில் விழ நேரம் ஆயிற்று.

அன்று மாலை பாப்பாத்தி மலையிலிருந்து இறங்கி வந்தார். டேப்லட்டை லாரன்ஸின் மேசைமேல் வைத்தார். “நான் அழுத்துனன்பா. வெரலு நோவ நோவ அழுத்துனன். செவப்பதான் அழுத்துனன். உங்க கர்த்தருக்கும் தெரியும், எங்க சாமிக்கும் தெரியும்” என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். லாரன்ஸ் கடையிலிருந்த ஒரு பழைய போனைத் துடைத்து, சிம் போட்டு அவர் கையில் கொடுத்தான். பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். யாரிடமும் கேட்கவில்லை. புது முகவரியில் புதுப் பக்கம். சட்டம் வந்தால் வரட்டும் என்று இருந்துவிட்டான்.

வெள்ளைப் பக்கம், மேலே ‘நெல்லிப்பாடி ஓடை’. சிவப்பில் ‘போகாதீங்க’ என்று எழுதி முடித்தான். பச்சையில் அடுத்த சொல்லை எழுதக் கை வரவில்லை. அதை எழுதாமலேயே பக்கத்தை விட்டுவிட்டான்.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில், ஜீப் நிறைய ஆட்களோடு ராஜாங்கம் கடை வாசலில் நின்று போனை நீட்டினார்.

“லாரன்சு, பக்கம் காலியா கீதுப்பா. பச்சையக் காணோம். கெட்டுப் போச்சா?”

“கெடலண்ணே. வெள்ளம் வந்தா செவப்பு வரும். பாப்பாத்தியம்மா அழுத்தும்.”

“வரலன்னா? போலாம்னுதான அர்த்தம்? அதப் போட்டுவுட வேண்டியதுதான?”

லாரன்ஸ் கையிலிருந்த போனின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

“நீங்க எறங்கிப் பாத்து போங்கண்ணே. இனிமே நான் யாரையும் போவச் சொல்ல மாட்டன்.”